ஹனீபா பேசிய அரபி

என் வீட்டுக்காரர் முகம்மது ஹனீபாவுக்கு அரபி தெரியாது என்பது தேங்காய்பட்டணத்தில் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஒன்று நான், மற்றது எங்கள் மருமகன் ஃபாயிஸ். சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார். அது அவருக்கு அல்லாஹ் காட்டிய சலுகை என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன், ஜமாத்துத் தலைவர் வீட்டுக்கு வந்து அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லும்வரை.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற பையன்களுக்கு அரபி பேசச் சொல்லிக்கொடுக்க, மதரசா மாடியில் ஒரு வகுப்பு தொடங்கப்போகிறார்களாம். பாடம் எடுப்பது ஃபாயிஸ். வாசலில் பலகை வைத்து, 'முகம்மது ஹனீபா நினைவு அரபிப் பேச்சு வகுப்பு' என்று எழுதுவதாக முடிவாகியிருந்தது.

"அரபி ஹனீபான்னு சொன்னா இனயம் முதல் குளச்சல் வரைக்கும் தெரியுமே மைனி. வேற யாருக்க பேரைப் போடதுக்கு?" என்றார் தலைவர்.

நான் சாயா கொடுத்தேன். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் என் வீட்டுக்காரருடைய பெயர் போய்விடும். ஆகவே அவர் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசாமல் நின்றேன். துக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தலைவர் பைய எழுந்து போனார்.

அவருடைய புகழ் சும்மா வந்ததல்ல. ஊரில் எந்த வீட்டுப் பையனுக்கு அங்கே முதலாளியோடு தகராறு வந்தாலும், உம்மாமார் போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர் உடனே உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். அரபிகளிடம் சட்டையில்லாமல் பேசமாட்டார், போனாக இருந்தாலும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"யா அர்பாப், ஹாதா வலது மிஸ்கீன். உம்மா மால் ஹுவா மரீழ். இந்தா ஸவ்வி டிக்கெட். ஹுவா ரூஹ், பாதேன் ஈஜி. மாஃபி முஷ்கில், கேட்டியா?"

முதலாளி, இந்தப் பையன் பாவம், அவனுடைய உம்மாவுக்குச் சுகமில்லை, டிக்கெட் எடுத்துக்கொடுங்கள், போவான், பிறகு வருவான், ஒரு பிரச்சினையும் இல்லை. இதுதான் அர்த்தம். அந்தப் பக்கத்து அரபிக்கு அது அப்படியே புரியும். கடைசியில் வரும் 'கேட்டியா' மட்டும் எங்கள் ஊர்ச் சரக்கு. அது அவனுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்த இழுப்பில் பாதிக் காரியம் நடந்துவிடும். எத்தனையோ பையன்கள் அந்தக் 'கேட்டியா'வில் தொங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அது அரபி இல்லை என்று எனக்குத் தெரியவந்தது எங்கள் மகள் ஷப்னாவின் கல்யாணத்துக்குப் பிறகுதான். ஃபாயிஸ் என் காக்காவின், அதாவது அண்ணனின், மகன். அரபிக் கல்லூரியில் வருஷக்கணக்காக ஓதிப் பட்டம் வாங்கியவன். முதல் விருந்துக்கு வந்த அன்று, மாமாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அவரிடம் அரபியில் பேசினான். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, ரேடியோவில் செய்தி கேட்பதுபோல் கேட்டார். அவன் நிறுத்தியதும், "வாசிக்கது மாதிரி இருக்கு மக்கா. இனி பேசு," என்றார்.

கொஞ்ச நேரத்தில் அடுக்களைக்கு வந்து என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஏட்டி, பாவம் பையன். படிச்சதெல்லாம் வீணாப் போச்சு. அவனுக்கு அரபி தெரியாது."

"கல்லூரில தங்க மெடல் வாங்கினவனாக்கும்."

"கிதாபுல உள்ளதைச் சொல்லுதான். அப்படி ஒரு அரபியும் பேசமாட்டான். நான் அங்க கிடந்தவன். எனக்குத் தெரியாதா?"

அன்று மாலையே ஃபாயிஸ் என்னைத் தனியாகப் பிடித்தான். "மாமி, நான் சொன்னேன்னு மாமாட்ட சொல்லிராதீங்க. மாமா பேசுதது அரபி மாதிரி இருக்கு. ஆனா அரபி இல்ல."

"அவரும் உன்னைப் பத்தி அதைத்தான் சொல்லுதாரு."

அவன் சிரித்துவிட்டான். "மாமா சொல்லதுலயும் நியாயம் உண்டு. நான் படிச்சது எழுதுத அரபி. வீட்டுக்குள்ள அவங்க பேசுதது வேற. ஆனா மாமா பேசுதது இது ரெண்டும் இல்ல மாமி. வேலைக்கு வந்த நம்ம ஆளுகளுக்குப் புரியணும்னு அரபிகள் அவங்க பேச்சை ஒடைச்சுக் கொடுத்தாங்க. நம்ம ஆளுவோ அதை வாங்கி இன்னும் கொஞ்சம் ஒடைச்சு, இந்தியும் மலையாளமும் போட்டு ஒட்டிட்டாங்க. ஒரு அரபி இன்னொரு அரபிட்ட அதைப் பேசமாட்டான்."

"பின்ன யாருக்க மொழிடே அது?"

"அதுதான் தெரியல்ல," என்றான் ஃபாயிஸ்.

அவர் அதைப் படித்த கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஓமானில் சோஹார் என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டுக்கு டிரைவராகப் போனார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பயம்தான் வாத்தியார். வண்டியை நிறுத்து, திருப்பு, நேராகப் போ, ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிக்கூடம். நமக்கு வேண்டியது அரைக்கிலோ சர்க்கரை என்றால் அரைக்கிலோ நிறுத்து வாங்கிக்கொண்டு வருவோமில்லையா? வயது வந்த மனிதன் அப்படித்தான் மொழியை வாங்குகிறான். காலையில் எழுந்து இரவு படுக்கும்வரைக்கும் எத்தனை சொல் போதுமோ அத்தனையை வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கால் நூற்றாண்டு அதைவைத்தே ஓட்டினார். போவதற்கும் 'ரூஹ்', போனான் என்பதற்கும் 'ரூஹ்', போகமாட்டேன் என்பதற்கு 'மாஃபி ரூஹ்'. ஆண் பெண், நேற்று நாளை என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது.

ஆனால் அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த பையன், தலால். பிரசவத்துக்குப் பிறகு தாயாருக்கு ரொம்ப நாள் சுகமில்லை. பையன் ஓயாமல் அழுவான். வண்டி ஓடினால் மட்டும் அழுகையை நிறுத்துவான். அதனால் அக்காமாரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடப் போகும்போதும் கூட்டிவரப் போகும்போதும், நடுவில் சும்மாவும், அவனை முன்சீட்டில் கட்டிவைத்துக்கொண்டு இவர் வண்டியோட்டினார். ஓட்டிக்கொண்டே பேசினார். சட்டைப்பையில் இருந்த அரைக்கிலோவையும் அந்தப் பிள்ளைக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார். போதாதபோது தேங்காய்பட்டணத்துச் சரக்கைக் கலந்தார்.

குழந்தைகள் நிறுத்து வாங்குவதில்லை. கிடைப்பதை வைத்து முழுக்கடையே போட்டுவிடுகிறார்கள். இவர் பேசியது அரைகுறை மொழி. அதைக் கேட்டு வளர்ந்த தலால் அதை அரைகுறையாகப் பேசவில்லை. அதிலேயே கோபித்துக்கொண்டான், கதை சொன்னான், பொய் சொன்னான், நேற்று கண்ட கனவைச் சொன்னான். "நான் ஒண்ணு சொன்னா அவன் பத்து சொல்லுவான் ஏட்டி. எனக்கே புரியாது சில நேரம்," என்று இவர் பெருமையாகப் போனில் சொல்வார்.

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வகுப்பு டீச்சர் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். பிள்ளை பேசுவது சரியில்லை, வீட்டில் அவனிடம் நல்ல அரபியில் பேசுங்கள் என்று. இவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்த டீச்சருக்கு அரபி தெரியாது. அவ எகிப்துக்காரி," என்றார்.

வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் அவர் அந்தப் பேச்சை விடவில்லை. கேட்க ஆள் வேண்டுமே, நான் கிடைத்தேன். காலையில் கண்விழித்ததும், "ஏட்டி, சாய் மாஃபி?" என்பார். நானும் கேலிக்காக, "சாய் பாதேன். இந்தா ஷுகுல் மாஃபி, ஜல்தி மாஃபி," என்பேன். சாயா பிறகு, உமக்கு வேலையும் இல்லை, அவசரமும் இல்லை. கேலி செய்துசெய்து எனக்கும் அது நன்றாகவே வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்து, "கொள்ளாம். ஃபாயிஸைவிட ஒனக்கு அரபி வருது," என்று சான்றிதழ் கொடுத்தார்.

அவர் போன பிறகு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. 'ஏட்டி' என்று கூப்பிடவும் ஆளில்லை. மகளுக்கு நான் உம்மா, மருமகனுக்கு மாமி, ஊருக்கு மைனி. ஏட்டியாக இருந்தது ஒரே ஓர் ஆளுக்குத்தான்.

வெளியே போகாமல் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்த பிறகு ஒருநாள் ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தேன்.

"ஏட்டி," என்றது ஒரு ஆண்குரல். "கேஃப் ஹால்? அனா தலால்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த போன் பேச்சில் இவர் என்னை ஏட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அதுதான் என் பெயர் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறான். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். திருத்தவில்லை. "ஸேன், மக்கா," என்றேன். நலம். அதிலிருந்து மாதத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடுவான்.

தலைவர் பலகைச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போன அந்த வாரம்தான் தலால் மறுபடி கூப்பிட்டான். தாயாரின் முழங்கால் வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரம் வருகிறானாம். ஒருநாள் எங்கள் ஊருக்கும் வருவானாம். இந்தச் சேதி ஷப்னாவின் வாய்வழியாகத் தலைவரின் காதுக்குப் போய்விட்டது. அவர் உடனே வகுப்பின் திறப்பு நாளை அதற்கேற்ப மாற்றினார். "ஹனீபாவுக்க அரபியைப் பத்தி ஒரு அரபியே வந்து மேடையில சொன்னா, அதுக்குமேல என்ன வேணும்?" என்றார்.

ஃபாயிஸ் முகம் வெளிறி வந்து நின்றான். "மாமி, அந்த ஆளு மைக்ல உண்மையைச் சொல்லிட்டாருன்னா? மாமாவுக்கு அரபி தெரியாது, டிரைவர் பாஷைதான் தெரியும்னு சொன்னா? ஊரு முழுக்க இருக்கும். பலகை அங்க தொங்கிட்டு இருக்கும்."

"பலகை வேண்டாம்னு சொல்லிடட்டா?"

"ஏன்னு கேப்பாங்களே."

"நீ மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் மாத்தி..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன். அவன் என்ன செய்வான்? பொய்யாக மொழிபெயர்த்துத்தான் வகுப்பைத் தொடங்கவேண்டும் என்றால் அந்த வகுப்பு எதற்கு? ஆனால் அவருடைய பெயரையும் நினைக்கவேண்டியிருந்தது. மனிதர் ஊரில் வேறு ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை. வீடுகூட என் வாப்பா கொடுத்தது. அவருக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான், அரபி ஹனீபா. அதைச் சிரிப்பாய்ச் சிரிக்கவைக்க நானே பந்தல் போடுகிறேன்.

தலால் டாக்சியில் வந்து இறங்கினான். வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி, அகலமான தாடி. அன்று முன்சீட்டில் கட்டிவைத்த குழந்தை, இப்போது வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரவேண்டியிருந்தது. தெருவே வந்து பார்த்தது. அவன் என்னைப் பார்த்ததும் கையை நெஞ்சில் வைத்து, தெருவுக்கே கேட்கும்படி, "ஏட்டி," என்றான்.

பக்கத்து வீட்டு ஷைஜா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஃபாயிஸ் மரியாதையாக அரபியில் வரவேற்றான். தலாலும் அரபியில் பதில் சொன்னான். இரண்டு பேரும் சரளமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. பிறகு அவன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அந்த நிமிஷம் அவனுடைய குரல் மாறியது, தோள் தளர்ந்தது, கை ஆடத் தொடங்கியது. வந்தது என் வீட்டுக்காரருடைய பேச்சு. சொற்கள் மட்டுமல்ல, வாக்கியத்தின் வாலைத் தூக்கிப் பாடுகிற எங்கள் ஊர் இழுப்பும் அப்படியே இருந்தது. உருளைக்கிழங்கு போட்ட ஆட்டுக்கறியைத் தின்றுகொண்டே வந்த வழியைச் சொன்னான், தாயாரின் முழங்காலைச் சொன்னான், தன் மகளுக்கு இரண்டு வயது என்று சொன்னான். எல்லாம் புரிந்தது. நானும் பேசினேன். ஷப்னா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் தலால் ஃபாயிஸிடம் அரபியில் ஏதோ பெருமையாகச் சொன்னான். ஃபாயிஸின் கையிலிருந்த தண்ணீர்த் தம்ளர் அந்தரத்தில் நின்றது.

"என்னடே?" என்றேன்.

"மாமி..." அவன் தமிழை மெதுவாக விட்டான், அந்த ஆளுக்குப் புரிந்துவிடுமோ என்று பயந்தவன்போல. "ஒங்ககூட தமிழ்ல பேச முடிஞ்சதுல அவருக்கு ரொம்ப சந்தோஷமாம்."

"தமிழ்லயா?"

"மாமா அவருக்குப் படிப்பிச்சது தமிழ்னு நெனச்சிட்டு இருக்காரு. அவருக்க வாப்பாவும் அப்படித்தான் சொல்லுவாராம். 'நான் ஹனீபாகூட ஹனீபாவுக்க பாஷையிலதான் பேசுதேன்'னு. திருவனந்தபுரத்திலேருந்து டாக்சி டிரைவர்கிட்ட வழியெல்லாம் இதையே பேசிட்டு வந்தாராம். எல்லாம் புரிஞ்சுதாம்."

டிரைவர் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். ஷார்ஜாவில் பதினைந்து வருஷம் வண்டியோட்டியவனாம்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கால் நூற்றாண்டு ஒரே வண்டியில் போனவர்கள். இவர் அரபிக்காரருடைய மொழியைப் பேசுவதாக நினைத்துப் பேசினார். அவர்கள் இவருடைய மொழியைப் பேசுவதாக நினைத்துப் பேசினார்கள். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்த மரியாதையில் நடுவில் ஒரு மொழி அநாதையாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"சொல்லிடட்டா மாமி?" என்றான் ஃபாயிஸ். "மேடையில ஏறுதுக்கு முன்ன?"

தலால் அந்த நேரம் எலும்பை உறிஞ்சிவிட்டு, "ஏட்டி, ஹாதா அக்கல் ஸேன், கேட்டியா," என்றான். இந்தச் சாப்பாடு நன்றாக இருக்கிறது.

"சாப்பிடட்டும். இப்ப வேண்டாம்," என்றேன்.

மதரசா முற்றத்தில் பந்தல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் பக்கத்தில் பாதிக்குமேல் அக்கரையிலிருந்து திரும்பியவர்கள். முன்வரிசையில் சத்தியராஜ், கோயில் உடுப்பான வெள்ளைச் சட்டையில். என் வீட்டுக்காரருடைய சிநேகிதர், மஸ்கத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். இவருக்கு அடுத்தபடி ஊரில் அரபி தெரிந்தவர் என்ற பெயர் அவருக்குத்தான். துணி போட்டு மூடிய பலகை மேடையோரம் சாய்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு, துணிக்குள் இருப்பது என் வீட்டுக்காரர்தான் என்று தோன்றியது.

தலைவர் பேசினார். பிறகு மைக்கைத் தலாலிடம் கொடுத்தார். அவன் ஸலாம் சொல்லிவிட்டு, நேராக அந்தப் பேச்சில் தொடங்கினான்.

"ஹனீபா மால் அனா டிரைவர் மாஃபி. ஹனீபா மால் அனா பாபா, ஸேம் ஸேம்."

ஹனீபா எனக்கு டிரைவர் இல்லை, வாப்பா மாதிரி. பந்தலில் ஒரு அசைவு ஓடியது. புரிகிறது, எல்லாருக்கும் புரிகிறது. சத்தியராஜ் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அனா ஸகீர், ஹனீபா ஷீல். அனா நவ்ம், ஹனீபா கலாம். அனா கபீர், ஹனீபா ரூஹ். கல்பு மால் அனா கராப்."

நான் சின்னவனாக இருந்தேன், ஹனீபா தூக்கினார். நான் தூங்கினேன், ஹனீபா பேசிக்கொண்டே இருந்தார். நான் பெரியவனானேன், ஹனீபா போய்விட்டார். என் நெஞ்சு பழுதாகிவிட்டது. ஏசி பழுதானால் சொல்கிற அதே சொல்தான். சத்தியராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "என்ன அரபி, பாத்தியா. தண்ணி மாதிரி," என்று சொன்னது பெண்கள் பக்கம்வரை கேட்டது.

இதோடு முடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவன் ஃபாயிஸை அருகில் கூப்பிட்டு, இப்போது சுத்த அரபியில் கொஞ்சம் நீளமாகப் பேசினான். பேசி முடித்துவிட்டு மைக்கை ஃபாயிஸிடம் நீட்டினான்.

ஃபாயிஸ் மைக்கை வாங்கிக்கொண்டு பெண்கள் பக்கம் பார்த்தான். என்னைத்தான். தலால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரிந்தது. பலகையைப் பார்த்தேன். ஃபாயிஸைப் பார்த்தேன். நாளைக்கு இதே முற்றத்தில் பையன்கள் முன்னால் நின்று, இந்தச் சொல்லுக்கு இதுதான் அர்த்தம் என்று சொல்லவேண்டிய பிள்ளை. இவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? சட்டையை மாட்டிக்கொண்டு, உள்ளதைச் சொல்லு மக்கா, மாஃபி முஷ்கில் என்றிருப்பார். நான் தலையசைத்தேன்.

"அவரு சொல்லுதாரு," என்றான் ஃபாயிஸ். "ஹனீபா மாமா தன்கிட்ட ஒருநாளும் அரபில பேசினது இல்லையாம். மாமா அவருக்குத் தமிழ் படிப்பிச்சுக் கொடுத்தாராம். இப்ப அவரு முதல்ல பேசினது தமிழாம். மாமாவுக்க நாட்டுல வந்து மாமாவுக்க மொழியில பேசினது பெரிய பாக்கியமாம். தப்பு இருந்தா மன்னிக்கணுமாம்."

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

முதலில் எழுந்தது சத்தியராஜ்தான். "ஒரு நிமிஷம். அப்ப நான் மஸ்கத்துல இத்தனை வருஷமும் பேசினது தமிழா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் எல்லாரும் அவரவர் வருஷங்களை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஜித்தாவில் இருந்தவர், தோஹாவில் இருந்தவர், கட்டிய மனைவியிடமும் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அரபி தெரியும் என்று சொல்லியிருந்தவர்கள். ஹனீபாவின் அரபி போனால் பந்தலில் ஒருவருடைய அரபியும் மிஞ்சாது.

தலைவர் மெல்ல மைக்கை வாங்கினார். அவரும் ரியாத்தில் இருந்தவர்தான்.

"பிள்ளை மேல தப்பில்ல," என்றார் இரக்கமாக. "பால்குடி மாறாத பருவத்துல நம்ம ஹனீபா தூக்கிட்டு அலைஞ்சிருக்காரு. அதுல பிள்ளைக்கு எது அரபி, எது தமிழ்னு பிரிச்சுத் தெரியாமப் போச்சு. அவ்வளவுதான்."

"அது சரி," என்றார் சத்தியராஜ், உயிர் வந்தவராக. "முதல்ல அவரு பேசினதாக்கும் அரபி. நமக்கே புரிஞ்சுதே. பிறவு ஃபாயிஸ்ட்ட என்னவோ பறஞ்சாரே, அதுல ஒரு சொல்லு புரிஞ்சுதா ஒங்களுக்கு?"

"இல்ல," என்றது பந்தல்.

"பின்ன அது எப்படி அரபியாகும்?"

"அந்த ஆளுக்கு அரபி சரியாத் தெரியாது," என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் தீர்த்துச் சொன்னார். "ஹனீபா படிப்பிச்சது மட்டும்தான் சுத்தமா வருது."

பந்தல் மூச்சு விட்டது. கைதட்டினார்கள். தலைவர் துணியை உருவினார். பலகையில் இவருடைய பெயர் பச்சை எழுத்தில் இருந்தது. எகிப்து டீச்சருக்குத் தெரியாது, ஃபாயிஸுக்குத் தெரியாது, இப்போது ஒரு முழு அரபிக்கே அரபி தெரியாது என்று ஊர்கூடி முடிவாகிவிட்டது. மனிதர் கபருக்குள்ளிருந்தபடியே ஜெயித்துவிட்டார். நான் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினேன். அழுகிறேன் என்று நினைத்து ஷைஜா என் முதுகைத் தடவினாள். அதுவும் பாதி உண்மைதான்.

கூட்டம் கலைந்த பிறகு தலால் ஃபாயிஸிடம் என்ன நடந்தது என்று கேட்டான். ஃபாயிஸ் ஒளிக்காமல் சொன்னான். தலால் முதலில் சிரித்தான், தாடி குலுங்கக் குலுங்க. பிறகு சிரிப்பு நின்றது. பலகையையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் குழந்தையாக இருந்தபோது கோபித்ததும் கனவு சொன்னதும் எந்த மொழியில் என்று யோசிக்கிறான் என்று நினைக்கிறேன். என்னிடம் வந்து நின்றான்.

"ஏட்டி. ஹாதா கலாம் மால் மின்?"

இந்தப் பேச்சு யாருடையது? ஃபாயிஸுக்கு விடை கிடைக்காத அதே கேள்வி. அவனுக்கு நான் தமிழில் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. இந்தப் பேச்சில் சொற்கள் குறைவு. அதனால் யோசிக்கவேண்டியிருக்கவில்லை.

"மால் ஹனீபா," என்றேன். "மால் இந்தா." ஹனீபாவுடையது. உன்னுடையது.

அவன் சுட்டுவிரலை என் பக்கம் நீட்டினான். "மால் ஏட்டி, ஸேம் ஸேம்."

வகுப்பு இப்போது நடக்கிறது. பையன்கள் ஃபாயிஸிடம், நீங்க சொல்லுதது ஹனீபா காக்கா பேசினது மாதிரி இல்லையே என்று குறைப்படுகிறார்களாம். வெள்ளிக்கிழமைகளில் கடைசி அரை மணிநேரம் என்னை வந்து பேசச் சொல்கிறான். போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று தலால் டாக்சியில் ஏறிக் கண்ணாடியை இறக்கினான். "ஏட்டி, அனா ரூஹ். பாதேன் ஈஜி," என்றான். போகிறேன், பிறகு வருவேன். ஒவ்வொரு லீவு முடிந்து விமானத்துக்குக் கிளம்பும்போதும் இவர் சொன்ன அதே சொற்கள், வாலைத் தூக்கிய அதே இழுப்பு. அப்போதெல்லாம் அழுகையை அடக்க நான் ஒரு பதில் வைத்திருந்தேன், நேராகப் போ, ஒரு பிரச்சினையும் இல்லை என்று. அதையே சொன்னேன்.

"ஸீதா ரூஹ், மக்கா. மாஃபி முஷ்கில்."

"கேட்டியா," என்று சேர்த்துக்கொண்டு அவன் போனான்.